முதுகு ஊசி: ஸ்கேன் பார்த்துப் போடுவதா, எக்ஸ்ரே பார்த்துப் போடுவதா?

"தம்பி, ஸ்கேன்ல பாத்துப் போட்டா போதாதா? எக்ஸ்ரே உடம்புக்குக் கெடுதல்னு சொல்றாங்களே?"

மேசையில் குப்புறப் படுத்துக்கொண்டு, தலையணை ஓட்டைக்குள் முகத்தை வைத்தபடி நோயாளிகள் என்னிடம் கேட்பது இது. ஸ்கேன் என்று அவர்கள் சொல்வது அல்ட்ராசவுண்டை, ஒலி அலையால் படம் காட்டும் மெஷினை. நான் பினாங்கில் ஒரு தனியார் மருத்துவமனையில் ரேடியோகிராஃபர். முதுகு ஊசி போடும் நாட்களில் சி-ஆர்ம் எக்ஸ்ரே மெஷினை நகர்த்துவதும் படம் எடுப்பதும் என் வேலை. கேட்பவர்களில் பட்டர்வொர்த் லோரிக்காரர் இருப்பார், சுங்கை பக்காப்பில் தோட்ட வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மா இருப்பார், மேடானிலிருந்து விமானம் ஏறி வந்த தமிழ்க் குடும்பமும் இருக்கும். கேள்வி நியாயமானது. கேட்கும் நேரம்தான் தப்பு. ஈய ஏப்ரன் கட்டியவர்கள் சுற்றி நிற்கும்போது கேட்டு என்ன பயன்? டாக்டர் அறையில், தேதி குறிக்கும் முன்னால் கேட்க வேண்டியது அது.

நான் டாக்டர் இல்லை. உங்களுக்கு ஊசி வேண்டுமா வேண்டாமா என்று சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் ஊசி முனை எங்கே நிற்கிறது, மருந்து எங்கே ஓடுகிறது என்பதை வாரா வாரம் திரையில் பார்ப்பவன். அதோடு என் மாமாவின் கதையும் இருக்கிறது.

மாமாவுக்கு இடது காலில் குடைச்சல். புட்டத்தில் தொடங்கி, தொடையின் பின்பக்கமாக இறங்கி, பெருவிரல் வரை மின்சாரம் பாய்ந்த மாதிரி. ஒரு கடைவீட்டுக் கிளினிக்கில் "ஸ்கேன் பார்த்து" மூன்று ஊசி போட்டார்கள், மூன்று வாரத்தில். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாள் சுகம், மூன்றாம் நாள் பழைய கதை. படம் ஏதாவது கொடுத்தார்களா என்று கேட்டேன். கொடுக்கவில்லை. எந்த ஊசி, எந்த மருந்து, எந்த இடம்? மாமாவுக்கு ஒன்றும் தெரியாது. பிறகு எம்.ஆர்.ஐ. எடுத்தபோது நான்காம், ஐந்தாம் இடுப்பெலும்புகளுக்கு (இடுப்புப் பகுதி முதுகெலும்புகளுக்கு) நடுவில் டிஸ்க் பிதுங்கி ஐந்தாம் நரம்பு வேரை நசுக்கிக்கொண்டிருந்தது. அந்த மூன்று ஊசியும் தசையோடு நின்றுபோயிருக்க வேண்டும் என்பது என் ஊகம். ஸ்கேன் மெஷின்மேல் எனக்குக் கோபமில்லை. அது காட்ட முடியாத இடத்துக்கு அதை அழைத்துப் போனார்கள், அவ்வளவுதான்.

படி 1: போடப்போவது எந்த ஊசி என்று பெயர் கேளுங்கள்

"முதுகில் ஊசி" என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். உள்ளே குறைந்தது ஐந்தாறு வகை இருக்கிறது. பெயர் தெரியாமல் எந்த மெஷின் என்று பேசுவது, ஊர் தெரியாமல் பஸ்ஸா ரயிலா என்று பேசுவது போல.

கால் அல்லது கைக்கு இறங்கும் நரம்பு வலிக்கு எபிடியூரல் ஊசி. முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடத்தை மூடியிருக்கும் உறைக்கு வெளியே உள்ள கொழுப்பு இடைவெளியில் மருந்தை விடுவார்கள். அங்கே போக மூன்று வழி: நடுமுதுகில் இரண்டு எலும்புத் தகடுகளுக்கு இடையில், பக்கவாட்டில் நரம்பு வெளியேறும் துளை வழியாக, அல்லது வால் எலும்புக்கு மேலே உள்ள சின்ன வாசல் வழியாகக் கீழிருந்து. கடைசி வழிக்குக் காடல் என்று பெயர். மூன்றிலும் பழையது அதுதான். 1901-லேயே பாரிசில் இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாக அந்த வழியில் கோக்கேன் செலுத்திப் பார்த்தார்கள். மெஷின் எதுவும் இல்லாமல், விரலால் தடவித்தான்.

காலுக்கு இறங்காத, முதுகோடு நிற்கும் வலி ஃபாசெட் என்ற சின்ன மூட்டுகளிலிருந்து வரலாம். அதைச் சோதிக்க மீடியல் பிராஞ்ச் என்ற பொடி நரம்பை மரக்கச் செய்யும் ஊசி. அது பலன் கொடுத்தால் அந்த நரம்பையே சூட்டால் செயலிழக்கச் செய்யும் ரேடியோ அலைச் சிகிச்சை. இடுப்புக் குழிக்குக் கீழே ஒரு பக்கமாக வலித்தால் சாக்ரோஇலியாக் மூட்டு ஊசி. புட்டத்துத் தசை நரம்பை இறுக்கினால் பிரிஃபார்மிஸ் ஊசி. தசை முடிச்சுக்கு ட்ரிக்கர் பாயிண்ட் ஊசி.

டாக்டர் சொல்லும் பெயரையும், எந்த மட்டம் (எத்தனையாவது எலும்பு), எந்தப் பக்கம் என்பதையும் கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு வரி கையில் இருந்தால் மற்ற எல்லாக் கேள்விக்கும் வழி திறக்கும்.

படி 2: இரண்டு மெஷினும் எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது

ஃபுளோரோஸ்கோப்பி என்பது ஓடும் எக்ஸ்ரே. 'சி' வடிவ இரும்புக் கை உங்கள் உடம்பைச் சுற்றி வளைந்து நிற்கும். மேலிருந்து, சாய்வாக, பக்கவாட்டில் என்று எந்தக் கோணத்திலும் எலும்பைக் காட்டும். ஆள் பருமனாக இருந்தாலும் எலும்பு தெரியும். நரம்பு தெரியாது, தசை தெரியாது, ரத்தக் குழாய் தெரியாது. எலும்பின் அடையாளங்களை வைத்துத்தான் நரம்பு இங்கே இருக்கும் என்று போவார்கள்.

அப்படியானால் என்ன பெரிய லாபம்? கான்ட்ராஸ்ட் என்ற சாய மருந்து. ஊசி முனை இடத்துக்குப் போனதும் ஒன்றிரண்டு மில்லி சாயம் விட்டு, அது ஓடும்போதே படம் எடுப்போம். சரியான இடம் என்றால் நரம்பைத் தழுவிக்கொண்டு மெல்லிய வேர் மாதிரி கறுப்பாகப் படரும், அங்கேயே நிற்கும். ரத்தக் குழாய்க்குள் போயிருந்தால் திரையில் ஒரு நூல் ஓடி மறையும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே காணாமல் போய்விடும். அதைப் பார்த்ததும் டாக்டர் கையை நிறுத்திவிடுவார். சிரிஞ்சைப் பின்னுக்கு இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்ப்பார்களே, அது போதாது. ரத்தம் வராமலே முனை குழாய்க்குள் இருந்ததை நான் திரையில் பார்த்திருக்கிறேன்.

ஏன் இதற்கு இவ்வளவு முக்கியத்துவம்? நரம்புத் துளைகளில் சில, தண்டுவடத்துக்கே ரத்தம் கொண்டுபோகும் பொடித் தமனிகளுக்கும் வழி. இந்த ஊசிகளில் வீக்கம் தணிக்கப் போடும் ஸ்டீராய்டு மருந்துகளில் டிரையாம்சினலோன், மெத்தில்பிரெட்னிசலோன் போன்றவை துகள் உள்ளவை. அந்தத் துகள் தமனிக்குள் போய் அடைத்தால் பக்கவாதம், கால் செயலிழப்பு வரை போகலாம். அரிதுதான், ஆனால் நடந்திருக்கிறது. எபிடியூரல் ஸ்டீராய்டு ஊசியால் பார்வை இழப்பு, பக்கவாதம், மரணம்கூட அரிதாக நேர்ந்திருப்பதாக அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2014 ஏப்ரலில் எச்சரித்தது. கழுத்தில் துளை வழியாகப் போடும்போது துகள் இல்லாத டெக்ஸாமெத்தசோனைத்தான் இப்போது தேர்ந்தெடுக்கிறார்கள்.

அல்ட்ராசவுண்டு, நம் வாயில் 'ஸ்கேன்', இதற்கு நேர் எதிர். தசை தெரியும், நரம்பு தெரியும், ரத்தக் குழாய் தெரியும். டாப்ளரைப் போட்டால் ரத்தம் ஓடுவது சிவப்பும் நீலமுமாகத் தெரியும். ஊசி போகும் பாதையைத் தொடர்ந்து பார்க்கலாம், கதிர்வீச்சு துளியும் இல்லை. ஆனால் ஒலி எலும்பில் மோதித் திரும்பிவிடும். எலும்புக்குப் பின்னால் வெறும் கறுப்பு நிழல். முதுகெலும்பில் நமக்கு வேண்டிய பல இடங்கள் எலும்புக்குப் பின்னால்தானே இருக்கின்றன?

ஆழமும் ஒரு தொல்லை. உயர் அலைவரிசை படத்தைத் துல்லியமாகக் காட்டும், ஆனால் ஆழம் போகாது. இடுப்புக்கு 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான வளைந்த புரோப் (உடம்பின் மேல் வைத்துப் பார்க்கும் கருவி) வேண்டும், அதில் படம் கொஞ்சம் மங்கல். ஊசியைச் செங்குத்தாகச் சாய்த்தால் அது திரையில் மறைந்துபோகும். ஒல்லியான ஆளுக்கு அழகாகத் தெரிவது, பருமனான ஆளுக்குப் பனிமூட்டத்தில் பாலம் தெரிவது மாதிரிதான்.

மூன்று படம்

வேலையில் சேர்ந்த புதிதில் எனக்கு இதெல்லாம் கறுப்பு வெள்ளைக் கோலமாகத்தான் இருந்தது. பிறகு ஒரு சீனியர் மூன்று உருவம் கற்றுக்கொடுத்தார். டாக்டர்கள் உலகமெங்கும் இதே பெயர்களைச் சொல்கிறார்கள்.

முதலாவது நாய்க்குட்டி. சி-ஆர்மைச் சாய்வாகத் திருப்பினால் இடுப்பெலும்பு ஒவ்வொன்றும் ஸ்காட்டி நாய் நிற்பது போல் தெரியும்: மூக்கு, காது, கண், கழுத்து, முன்கால். மீடியல் பிராஞ்ச் ஊசிக்கு நாயின் கண்ணுக்கு மேல் ஓரத்தைப் பார்த்து முனையை இறக்குவார்கள். டாக்டர் "இன்னும் கொஞ்சம் சாய்" என்று என்னிடம் சொல்வது அந்த நாய் தெளிவாகத் தெரியத்தான். இரண்டு பாகை கூடினாலும் நாய் நாயாக இருக்காது.

இரண்டாவது திரிசூலம். ஸ்கேன் புரோப்பை நடுமுதுகுக்குப் பக்கத்தில் நீளவாக்கில் வைத்தால், பக்கவாட்டு எலும்பு நீட்சிகளின் நிழல்கள் மூன்று பற்களாக விழும். தண்ணீர்மலை முருகனைப் பார்த்து வளர்ந்த நமக்கு வேல்தான் முதலில் நினைவுக்கு வரும், ஆனால் இது சூலம். அதைப் பிடித்து, முதுகெலும்பின் அடியில் இருக்கும் சாக்ரம் எலும்பிலிருந்து மேல்நோக்கி எண்ணி மட்டத்தைக் கண்டுபிடிப்பார்கள்.

மூன்றாவது தவளைக் கண். வால் எலும்பின் மேல் புரோப்பைக் குறுக்கே வைத்தால் இரண்டு எலும்பு முனைகள் தவளையின் விழிகள் போல் தூக்கிக்கொண்டு நிற்கும். நடுவே ஒரு பட்டை, அதுதான் காடல் ஊசியின் வாசல். வாசல் காட்டுவதில் ஸ்கேனை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் வாசலைத் தாண்டி ஊசி எலும்புக் குழாய்க்குள் நுழைந்ததும் முனை நிழலுக்குள் போய்விடும். உள்ளே ரத்தக் குழாயில் நிற்கிறதா என்று ஸ்கேனால் உறுதியாகச் சொல்ல முடியாது.

இந்த எண்ணிக்கை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சிலருக்கு இடுப்பெலும்பு ஐந்துக்குப் பதில் ஆறு இருக்கும். சிலருக்குக் கடைசி எலும்பு சாக்ரத்தோடு ஒட்டியிருக்கும். அப்போது எந்த மெஷினில் எண்ணினாலும் ஒரு மட்டம் தவறலாம். அதனால்தான் எம்.ஆர்.ஐ. படத்தைச் சுவரில் மாட்டிவிட்டு வேலையைத் தொடங்குகிறார்கள். உங்கள் எம்.ஆர்.ஐ. வேறு இடத்தில் எடுத்ததா? சிடியை மறக்காமல் கொண்டுவாருங்கள். ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது.

படி 3: எந்த ஊசிக்கு எது

துளை வழியாகப் போகும் எபிடியூரல் என்றால், இடுப்பாக இருந்தாலும் மேல்முதுகாக இருந்தாலும், ஃபுளோரோவும் சாயமும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சாய ஓட்டத்தை ஓடும்போதே பார்ப்பதற்கு ஸ்கேனில் மாற்று கிடையாது. மாமாவுக்கு வேண்டியிருந்தது இதுதான்.

நடுவழியில் போகும் எபிடியூரல்: பொதுவாக ஃபுளோரோ. ஊசியைத் தள்ளும்போது எதிர்ப்பு சட்டென்று விட்டுப்போவதைக் கையால் உணர்ந்து நிறுத்துவார்கள், பிறகு சாயத்தால் உறுதி செய்வார்கள். கழுத்தில் இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்ய நல்ல டாக்டர் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

காடல்: இரண்டும் சரி. வாசலைக் கண்டுபிடிக்க ஸ்கேன், உள்ளே மருந்து எவ்வளவு உயரம் போகிறது என்று பார்க்க ஃபுளோரோ. கர்ப்பிணியாக இருந்தால், அல்லது சாயத்துக்குக் கடுமையான அலர்ஜி இருந்தால், ஸ்கேன் முன்னுக்கு வரும்.

ஃபாசெட், மீடியல் பிராஞ்ச்: இங்கேதான் வாதம் சூடாகிறது. இடுப்பு ஃபாசெட் நரம்பை ஸ்கேனில் பிடிக்கலாம் என்று 2004-இல் வியன்னா மருத்துவர்கள் காட்டினார்கள். ஒல்லியான ஆளுக்கு, பழகிய கையில், நன்றாகவே வரும். கழுத்தில் இன்னும் நன்றாக வரும், ஆழம் குறைவு என்பதால். ஆனால் அடுத்த கட்டமான சூட்டுச் சிகிச்சைக்கு ஃபுளோரோதான் வழக்கம். 80 டிகிரி சூட்டில் நரம்பைச் செயலிழக்கச் செய்யும்போது, முனை நரம்புத் துளைக்குள் எட்டிப் பார்க்கவில்லை என்று பக்கவாட்டுப் படத்தில் உறுதி செய்தே ஆக வேண்டும்.

கழுத்து நரம்பு வேர்: ஸ்கேனுக்கு இங்கே ஒரு தனி மதிப்பு. முனையின் பாதையில் குறுக்கே வரும் ரத்தக் குழாயை ஊசி போகும் முன்பே காட்டும். ஃபுளோரோ அதைக் குத்திய பிறகுதான் சாயத்தில் காட்டும். ஆனால் ஸ்கேனில் மருந்தைத் துளைக்கு வெளியே, நரம்பின் பக்கத்தில் விடுகிறார்கள், எபிடியூரலுக்குள் இல்லை. மயிரிழைத் தமனிகள் ஸ்கேன் கண்ணுக்கும் தப்பும். சில டாக்டர்கள் இரண்டு மெஷினையும் ஒரே அறையில் வைத்துக்கொள்வார்கள். அறை நெருக்கடியாகிவிடும், எனக்கு நிற்க இடம் இருக்காது. ஆனாலும் எனக்குப் பிடித்த ஏற்பாடு அது.

சாக்ரோஇலியாக் மூட்டு: மூட்டுக்குள்ளேயே மருந்து போக வேண்டுமென்றால் ஃபுளோரோவும் துளி சாயமும். மூட்டைச் சுற்றியுள்ள நார்களுக்குப் போதும் என்றால் ஸ்கேன்.

பிரிஃபார்மிஸ், ட்ரிக்கர் பாயிண்ட்: ஸ்கேன். தசைக்குப் போகும் ஊசிக்கு எக்ஸ்ரே காட்டி என்ன செய்ய?

கதிர்வீச்சு பயம்

உலகச் சராசரியில் மண், வானம், காற்று, சாப்பாடு எல்லாம் சேர்ந்து ஒரு மனிதருக்கு ஆண்டுக்குச் சுமார் 2.4 மில்லிசீவர்ட் இயற்கையாகவே கிடைக்கிறது. ஒரு சாதாரண இடுப்பு ஊசிக்கு எக்ஸ்ரே எரியும் நேரம் பல சமயம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதுவும் தொடர்ச்சியாக இல்லை. டாக்டர் காலால் மிதிக்கும்போது மட்டும் துடிப்புத் துடிப்பாக. இடுப்புக்கு எடுக்கும் சி.டி. ஸ்கேன் இதைவிட அதிகம், அதை எடுக்கும்போது யாரும் இவ்வளவு கவலைப்படுவதில்லை.

உண்மையில் கவலைப்பட வேண்டியவர்கள் நாங்கள்தான். உங்களுக்கு ஒரு நாள், எங்களுக்கு வாரம் முழுக்க. அதனால்தான் ஏப்ரன், கழுத்துக் காப்பு, மார்பில் கதிர் அளவுப் பட்டை. வேலை செய்பவர்களுக்கான வரம்பு ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். அந்த ஈய ஏப்ரனை நாள் முழுக்கத் தூக்கி என் முதுகும் வலிக்கிறது என்பது தனிக் கதை. வீட்டில் சிரிக்கிறார்கள்.

ஆனால் ஒரு விதி உண்டு: கர்ப்பமாக இருந்தாலோ, இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தாலோ, மாதவிலக்கு தள்ளிப் போயிருந்தாலோ, வெட்கப்படாமல் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நாங்கள் கேட்போம். மாமியார் பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் தலையாட்டிவிட்டு, பிறகு நர்ஸ் காதில் உண்மையைச் சொன்னவர்களும் உண்டு.

படி 4: தேதி குறிக்கும் முன் கேட்க வேண்டியவை

கடைக்காரர் தன் கடையில் இருக்கும் சரக்கைத்தான் காட்டுவார். சி-ஆர்முக்கு ஈயம் பதித்த அறையும் உரிமமும் வேண்டும். ஸ்கேன் மெஷினைக் கையில் தூக்கிக்கொண்டு போய்விடலாம். அதனால் சின்னக் கிளினிக்கில் ஸ்கேன் ஊசியும் பெரிய மருத்துவமனையில் ஃபுளோரோ ஊசியும் பரிந்துரைக்கப்படுவது இயல்பு. யாரையும் குற்றம் சொல்ல இல்லை இது. கேள்வி கேட்க வேண்டிய காரணம் இது.

"டாக்டர், ஊசி முனை எங்கே நிற்க வேண்டும்? அங்கே நிற்பதை எப்படி உறுதி செய்வீர்கள்? சாயம் விடுவீர்களா? எந்த ஸ்டீராய்டு? படத்தைச் சேமித்துத் தருவீர்களா?" இவ்வளவுதான். நல்ல டாக்டர் இதற்குக் கோபப்பட மாட்டார், பேனாவை எடுத்துப் படம் வரைந்து காட்டுவார். டாக்டரின் பெயரை என்.எஸ்.ஆர். எனப்படும் தேசிய ஸ்பெஷலிஸ்ட் பதிவேட்டில் இணையத்திலேயே தேடலாம். எந்தத் துறையில் பதிந்திருக்கிறார் என்று தெரியும்.

இன்னொரு கேள்வியும் உண்டு, அதைக் கேட்கப் பலருக்கும் தயக்கம்: "எனக்கு இந்த ஊசி அவசியம்தானா?" பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், காலுக்கு இறங்காத வெறும் இடுப்பு வலிக்கு முதுகெலும்பு ஊசி வேண்டாம் என்கிறது, கடுமையான, புதிய கால் நரம்பு வலிக்கு எபிடியூரலைப் பரிசீலிக்கலாம் என்கிறது. 2025-இல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் வந்த வழிகாட்டுதல் இன்னும் கறார்: புற்றுநோய் சாராத நாள்பட்ட முதுகு வலிக்கு இந்த ஊசிகளைப் பெரும்பாலும் தவிர்க்கச் சொல்கிறது. வலி மருத்துவச் சங்கங்கள் அதை மறுத்து எழுதின. சண்டை ஓயவில்லை. என் கண்ணில் பட்டது இது: புதிதாக வந்த கால் வலிக்குப் போட்டவர்கள் பலர் திரும்பி வரவில்லை. பத்து வருட முதுகு வலிக்குப் போட்டவர்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள்.

பணம். தனியார் என்றால் எழுத்தில் மதிப்பீடு கேளுங்கள்: டாக்டர் கட்டணம், அறை, சி-ஆர்ம், சாயம், மயக்க மருந்து என்று பிரித்து. மெடிக்கல் கார்டு இருந்தால், இது டே-கேரா வெளிநோயாளிச் சிகிச்சையா என்று இன்சூரன்சிடம் முன்பே கேட்டு, கேரண்டி லெட்டர் வந்த பிறகு தேதி வையுங்கள். கிளினிக் அறையில் போடும் ஸ்கேன் ஊசிக்குக் கார்டு செல்லாமல் போனவர்களை எனக்குத் தெரியும். அரசு மருத்துவமனையில் ஸ்பெஷலிஸ்ட் கிளினிக் கட்டணம் குடிமக்களுக்கு மிகக் குறைவுதான், கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதாரக் கிளினிக்கில்) ரெஃபரல் கடிதம் வாங்கிப் போனால். காத்திருக்கத்தான் வேண்டும்.

படி 5: ஊசிக்கு முந்தைய வாரம்

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா? எபிடியூரலுக்கு முன் வார்ஃபரினைப் பொதுவாக 5 நாளும், குளோபிடோக்ரலை 7 நாளும் நிறுத்துகிறார்கள். ஆனால் நீங்களாக நிறுத்தவே கூடாது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் தானாக மாத்திரையை விட்டால் முதுகு வலியைவிடப் பெரிய வலி வரும். இதய டாக்டரும் வலி டாக்டரும் பேசி முடிவெடுக்கட்டும். தசைக்குப் போடும் ஸ்கேன் ஊசிக்குப் பெரும்பாலும் நிறுத்தவே தேவையிருக்காது. இதுவும் எந்த ஊசி என்று பெயர் தெரிந்திருக்க வேண்டியதற்கு ஒரு காரணம்.

சர்க்கரை. 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் ஆறில் ஒருவருக்கு நீரிழிவு, நம் வீடுகளில் கேட்கவே வேண்டாம். ஸ்டீராய்டு ஊசிக்குப் பிறகு சில நாட்களுக்குச் சர்க்கரை எகிறும். இது ஸ்கேனில் போட்டாலும் எக்ஸ்ரேயில் போட்டாலும் ஒன்றுதான். ஏற்கெனவே கட்டுப்பாடில்லாமல் இருந்தால் தள்ளிப்போடுவார்கள்.

இறால் அலர்ஜி. பினாங்கு ஆட்களிடம் வாரம் ஒரு முறையாவது கேட்பது: "எனக்கு இறால் ஒத்துக்காது, அப்ப சாயமும் ஒத்துக்காதுதானே?" சம்பந்தமில்லை. இறால் அலர்ஜி அதிலுள்ள புரதத்தால் வருவது. முன்பு சி.டி. எடுத்தபோது சாயத்துக்குத் தடிப்போ மூச்சுத்திணறலோ வந்ததா என்பதுதான் முக்கியம். அதைச் சொல்லுங்கள்.

காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, முதுகுத் தோலில் கொப்புளம் இருந்தாலும் சொல்லுங்கள். ஊசி தள்ளிப்போகும்.

படி 6: அன்றைய நாள்

மயக்க மருந்து உண்டென்றால் 6 மணி நேரம் சாப்பாடு கிடையாது. காலையில் ரொட்டி சானாய் ஒரு வாய் சாப்பிட்டேன் என்று மேசைக்கு வந்த பிறகு சொன்னால் எல்லாருக்கும் நாள் வீண். லேசான மயக்கம்தான் நல்லது. ஊசி நரம்பைத் தொட்டால் "சுள்ளுன்னு இழுக்குது" என்று நீங்கள் சொல்ல வேண்டும்.

ஃபுளோரோ அறையில் குப்புறப் படுக்க வைத்து, வயிற்றுக்கு அடியில் தலையணை வைப்போம். முதுகு வளைவு நிமிர அது. மருந்து போட்டுத் துடைப்பார்கள், குளிரும். ஒரு இரும்புக் குச்சியை முதுகில் வைத்துப் படம் எடுத்து இடத்தைக் குறிப்பார்கள். பிறகு மரப்பு ஊசி, அதுதான் எரியும். அதன் பிறகு பெரும்பாலும் அழுத்தம் மட்டும். "டிக், டிக்" என்று மிதி சத்தம் கேட்கும். மெஷின் உங்கள் இடுப்பைச் சுற்றிப் பக்கவாட்டுக்கு வரும்போது அசையாதீர்கள். ஆழம் பார்ப்பது அந்தப் படத்தில்தான். சாயம் விடும்போது காலில் வழக்கமான வலியே ஒரு முறை வந்துபோகலாம். பதறாதீர்கள், ஆனால் சொல்லுங்கள்.

ஸ்கேன் அறையில் விளக்கை அணைத்திருப்பார்கள். புரோப்புக்கு உறை போட்டு, ஜெல் தடவி, அழுத்திப் பிடிப்பார்கள். பருமனானவர்களுக்கு அந்த அழுத்தமே ஊசியைவிடத் தொல்லை. திரை உங்களுக்கும் தெரிகிற மாதிரி இருந்தால் பாருங்கள், வெள்ளைக் கோடாக ஊசி இறங்குவது தெரியும்.

இரண்டும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

படி 7: வீட்டுக்குப் போன பிறகு

அன்று வண்டி ஓட்டக் கூடாது. கால் சில மணி நேரம் மதமதப்பாக இருக்கலாம். பாலத்தைக் கடந்து பட்டர்வொர்த் போக வேண்டியவர்கள் ஆளை ஏற்பாடு செய்துகொண்டு வாருங்கள். மரப்பு தெளிந்ததும் வலி திரும்பும், ஒன்றிரண்டு நாள் கூடவும் செய்யும். ஸ்டீராய்டு வேலை செய்யச் சில நாளிலிருந்து இரண்டு வாரம் வரை ஆகும். முகம் சிவப்பது, தூக்கம் வராதது எல்லாம் அதன் வேலைதான்.

மீடியல் பிராஞ்ச் மாதிரி சோதனை ஊசி என்றால் முதல் ஆறு மணி நேரம் அரை மணிக்கொரு முறை வலிக்குப் பத்தில் எத்தனை என்று எழுதுங்கள். சும்மா படுத்துக்கொண்டு இல்லை, வழக்கமாக எதைச் செய்தால் வலிக்குமோ அதைச் செய்து பார்த்து. அந்தத் தாள்தான் அடுத்த சிகிச்சையை முடிவு செய்யும். "பரவால்ல டாக்டர்" என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டால் டாக்டரால் ஒன்றும் செய்ய முடியாது. ஸ்டீராய்டு ஊசியைப் பொதுவாக ஆண்டுக்கு மூன்று நான்குக்கு மேல் போடுவதில்லை. மாமாவுக்கு மூன்று வாரத்தில் மூன்று போட்டதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்: காய்ச்சலோடு கூடிக்கொண்டே போகும் முதுகு வலி, கால் புதிதாகப் பலமிழப்பது, சிறுநீர் அடைத்துக்கொள்வது அல்லது தானாகப் போவது, உட்காரும் இடம் மரத்துப்போவது. இவற்றில் ஒன்று வந்தாலும் மறுநாள் கிளினிக் திறக்கட்டும் என்று இருக்காதீர்கள். 999-ஐ அழையுங்கள், அல்லது நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள். எழுந்து உட்கார்ந்தால் மண்டை பிளக்கும், படுத்தால் விட்டுவிடும் தலைவலி என்றால் தண்டுவட உறையில் ஓட்டை விழுந்திருக்கலாம். அன்றே டாக்டரை அழைத்துச் சொல்லுங்கள்.

மாமாவுக்குக் கடைசியில் ஃபுளோரோவில், ஐந்தாம் நரம்பு வேரைப் பார்த்து, சாயம் விட்டுப் போட்டார்கள். அன்று நான் வேலையில் இல்லை, சொந்தக்காரர் என்பதால் வேறொருவர் மெஷினை ஓட்டினார். அந்தப் படத்தைப் பிறகு பார்த்தேன்: கறுப்பு வேர் நரம்போடு சாய்ந்து இறங்கியிருந்தது. பத்து நாளில் குடைச்சல் பாதியானது, இரண்டு மாதத்தில் நடந்து சந்தைக்குப் போனார். இப்போதும் குனிந்து பூச்சட்டியைத் தூக்கினால் இழுக்கிறதாம். தூக்காதீங்க மாமா என்றால் கேட்பதில்லை.